மாத்திரை ஆரம்பித்ததும் வலி வருகிறதா?



ஓசூர் சிப்காட் பக்கமிருந்து வரும் கடிதங்களில் பி.பி., சுகருக்கு அடுத்தபடியாக அடிபடுவது யூரிக் ஆசிட். நடுராத்திரியில் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை நுனி பட்டாலே உயிர் போகிறது. விடிந்தால் ஷிப்ட், சேஃப்டி ஷூவுக்குள் அந்தக் காலை நுழைக்க முடியாது. அதற்குப் பிறகு எழுதுவதுதான் எனக்குக் கவலை. யூரிக் ஆசிட் மாத்திரை ஆரம்பித்த சில வாரத்திலேயே வலி திரும்பியதாம், அதனால் நிறுத்திவிட்டார்களாம்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டி நீடித்தால் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படியக்கூடும். அலோபியூரினாலோ ஃபெபுக்ஸோஸ்டாட்டோ அளவை இறக்கும்போது, வருஷக்கணக்காகப் படிந்தது கரைந்து உதிர ஆரம்பிக்கிறது. அந்தக் கிளறலில்தான் மூட்டு மறுபடி சீறுகிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதுதான் விஷயம். இதனால்தான் அலோபியூரினாலை 100 மில்லிகிராமிலோ அதற்கும் கீழோ தொடங்கி, அவ்வப்போது ரத்தம் பார்த்து, 6-க்குக் கீழே வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். கூடவே, இந்தச் சீற்றத்தைத் தடுக்க, 3 முதல் 6 மாதத்துக்குக் குறைந்த அளவில் கோல்சிசின் தருவதும் உண்டு. வலி வந்த நாளிலும் யூரிக் ஆசிட் மாத்திரை தொடரும். வலிக்கு மருந்து தனி.

தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் தெரிந்தால் மட்டும் கதை வேறு. அலோபியூரினால் அபூர்வமாகச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை தரும். அப்போது மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

வலி உச்சத்தில் எடுத்த யூரிக் ஆசிட் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்து ஏமாற்றுவதும் உண்டு. வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கோல்சிசின் என்றதும் எனக்கு மூலனூர், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்கள் ஞாபகம் வரும். கம்பி கட்டிப் படரவிட்டு அங்கே வளர்க்கும் கண்வலிக்கிழங்குச் செடிதான் நம் மாநில மலரான செங்காந்தள். விதைக்கு நல்ல விலை. காரணம் இந்த மருந்துச் சத்து. அதற்காக வேலியோரம் கண்ட கிழங்கைத் தோண்டிக் கஷாயம் போட்டுவிடாதீர்கள், அது ஆளையே கொல்லும் விஷம். மாத்திரையிலும் அளவு தப்பக்கூடாது. கிட்னி கோளாறு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். அது கிட்னியைப் பதம் பார்க்கும், பி.பி.யையும் ஏற்றும்.

சாப்பாட்டில் பலரும் பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறார்கள். ராகிக் களியையும் துவரம்பருப்பையும் ஒதுக்க வேண்டாம். ஆட்டு ஈரல், பீர் இரண்டும்தான் வம்பு; கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கினாலும் பீர் பீர்தான். உலைப் பக்கம் வேர்த்துக் கொட்ட நிற்பவர்கள் ஷிப்ட் முழுக்கத் தண்ணீர் குடியுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களிடம் மாம்பழமே வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சுகர் இல்லையென்றால் சீசனில் இரண்டு துண்டு சாப்பிடுங்கள். பாட்டில் மாம்பழ ஜூஸை மட்டும் விடுங்கள். அதில் கலக்கும் சர்க்கரையிலிருக்கும் ஃப்ரக்டோஸ் யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்