காட்டுப் பாதைக்கு ஏற்ற விளக்கு

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கர்நாடகப் போலீஸார், எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும் விளக்குகளைப் பொருத்திய வாகனங்கள் மீது மாநிலம் எங்கும் வழக்குப் பதிவு செய்யும் நடவடிக்கையைத் தொடங்கினர். லாரி, பஸ், கார் என்ற பாகுபாடு இதில் காட்டப்படவில்லை. இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிப் பழகிய எவரும் இதைக் குறை கூறமாட்டார்கள். ஆனால் இந்த நடவடிக்கை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டிருக்கிறது. கூடுதல் விளக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற வண்டிகளும் இருக்கின்றனவே, அவற்றின் சொந்தக்காரர்கள் எதைப் பார்த்து, எப்படி வாங்குவது?

குடகு, சிக்கமகளூர், ஹாசன் மாவட்டங்களின் தோட்டப் பாதைகளில் ஓடும் ஜீப்புகளும் பிக்கப் வண்டிகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே தார்ச் சாலை முடிந்த இடத்திலிருந்துதான் வேலையே ஆரம்பமாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாத மழை. மழை ஓய்ந்தால் மூடுபனி. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம், வளைவு திரும்பினால் யானை நிற்குமோ என்ற அச்சம். பொழுது சாய்ந்த பிறகு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு குடியிருப்புக்குத் திரும்பும் ஜீப்பில், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் தமிழ்க் குடும்பத்தினரும் பலர் இருப்பார்கள். ஓட்டுகிறவரும் தமிழராக இருப்பதுண்டு. கம்பெனி கொடுத்த முகப்பு விளக்கு நேரே போகும் சாலைக்காக அமைக்கப்பட்டது. வளைவின் ஓரத்தையும், மழை அரித்த பள்ளத்தையும் அது காட்டுவதில்லை. ஆகவே கூடுதல் விளக்கு ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தேவை நியாயமானது. வாங்கும் விதம்தான் விபரீதமாக இருக்கிறது. பெங்களூர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்குச் சென்று வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்?" என்பது. சற்று விவரம் அறிந்தவர்கள், "எத்தனை லூமன்?" என்று கேட்கிறார்கள். அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்ட எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்ல விளக்கு என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலுமாக வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. அந்த ஒளி சாலையில் எங்கே விழுகிறது என்பதை அது சொல்லாது. மேலும், மலிவு விளக்குகளின் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் உள்ளிருக்கும் சில்லுகளின் உச்சத் திறனைக் கூட்டிப் பெருக்கிப் போட்ட கணக்கு. சூடேறியபின் குறைவதும், கண்ணாடியில் இழப்பதும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. வாங்கியவர் இரவு பாதையில் இறங்கும்போதுதான் பெட்டிக்கும் விளக்குக்கும் உள்ள தூரம் தெரிய வருகிறது.

தோட்டப் பாதையில் வண்டி மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். இந்த வேகத்தில் அரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மரத்தைக் கண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. சக்கரத்துக்கு முன்னே 20, 30 மீட்டர் தூரமும், இருபுறத்து ஓரங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கு அகலப் பரவும் ஒளிக்கற்றை வேண்டும். நீண்டு குறுகிப் பாயும் ஸ்பாட் விளக்கு திறந்த வெளியில், வேகமாகப் போகிறவர்களுக்கு ஏற்றது. வளைந்து வளைந்து செல்லும் மலைப் பாதையில் அது எதிர் மேட்டைத்தான் பிரகாசமாகக் காட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரரிடம் "எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்று கேட்பதை விட்டு, "எவ்வளவு அகலம் காட்டும்?" என்று கேட்பதே காட்டுப் பாதைக்காரர்களுக்குப் பொருத்தம்.

கூரையின்மேல் நீளமாக வைக்கும் 'லைட் பார்' இப்போது நாகரிகமாகிவிட்டது. பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரையிலிருந்து விழும் ஒளியில் ஒரு பகுதி பானெட்டின் மேல் பட்டு ஓட்டுகிறவரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. மழைத்துளி, தூசி, பனி இவற்றில் பட்டுச் சிதறும் ஒளியோ கண்ணுக்கு நேராக ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பிவிடுகிறது. மண்டல்பட்டிக்கு அதிகாலை மூடுபனியில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. பனிக்கான விளக்கு பம்பரின் மட்டத்தில், கூடுமானவரை தாழ்வாக இருக்க வேண்டும். அதன் கற்றை அகலமாகவும், மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலவும் இருக்க வேண்டும். மஞ்சள் ஒளியா வெள்ளையா என்ற சர்ச்சை ஓயாமல் நடக்கிறது. மஞ்சள் பலருக்குக் கண் கூச்சத்தைக் குறைக்கிறது என்பது உண்மையே. எனினும், உயரத்தில் வைத்த மஞ்சள் விளக்கைவிடத் தாழ்வாக வைத்த வெள்ளை விளக்கு பனியில் அதிகம் உதவும். நீலம் கலந்த வெள்ளை மட்டும் எதற்கும் உதவாது. அதை விரும்பி வாங்குவது சினிமாக் கவர்ச்சி.

விளக்கின் உடம்பைப் பற்றியும் கவனம் வேண்டும். எல்.இ.டி. விளக்குக்குச் சூடுதான் எமன். அச்சில் வார்த்த அலுமினிய உடலும், பின்புறம் சூட்டை வெளியேற்றும் செதில்களும் உள்ள விளக்கு பல ஆண்டு உழைக்கும். பிளாஸ்டிக் உடலுக்கு வெள்ளிச் சாயம் பூசியதும் கடையில் அதேபோலத்தான் தோன்றும். கையில் எடுத்து எடை பார்த்தாலே பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் இரண்டு எண்களில் முதலாவது தூசியைக் குறிக்கும்; 6 என்றால் தூசி நுழையாது. இரண்டாவது தண்ணீரைக் குறிக்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் பாதகமில்லை. ஓடையைக் கடந்து போகும் வண்டிக்கு 67க்குக் குறைந்ததை வாங்குவது வீண் செலவு. முன்கண்ணாடி வெயிலில் மஞ்சளித்துப் போகாதபடி பூச்சு உள்ள பாலிகார்பனேட்டாக இருத்தல் நலம். விளக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும், தாங்கும் பிராக்கெட் மெல்லிய தகடாக இருந்தால் குலுக்கலில் ஒளி ஆடிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்குத் தலைவலிதான் மிச்சம்.

இவை எல்லாவற்றையும்விட அலட்சியம் செய்யப்படுவது ஒயரிங். சாதாரண ஹாலஜன் முகப்பு விளக்கு பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55 வாட். இதைக் கழற்றிவிட்டு 100, 90 வாட் பல்புகளைப் போடும் வழக்கம் நெடுங்காலமாக நம் நாட்டில் உண்டு. 12 வோல்ட் வண்டியில் இரண்டு 60 வாட் பல்புகள் இழுப்பது 10 ஆம்பியர். இரண்டு 100 வாட் பல்புகள் இழுப்பதோ ஏறக்குறைய 17 ஆம்பியர். கம்பெனி போட்ட ஒயரும் சுவிட்சும் இந்தச் சுமைக்காக வந்தவை அல்ல. முதலில் ஹோல்டர் உருகும், பிறகு ரிஃப்ளெக்டர் கறுக்கும், அதன்பின் ஒயரே தீப்பிடிக்கலாம். கூடுதல் விளக்குக்கும் இதே கதைதான். இருக்கிற ஒயரைச் சீவி முறுக்கி, டேப் சுற்றிக் கொடுக்கிற வேலையை ஒத்துக்கொள்ளக் கூடாது. பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், நடுவில் ரிலே, தண்ணீர் புகாத இணைப்பு ஆகியவை கட்டாயம். இந்த ரிலேவைப் பிரைட் ஒயரோடு சேர்த்துவிட்டால், ஓட்டுநர் டிம் செய்த மாத்திரத்தில் கூடுதல் விளக்கும் தானாக அணைந்துவிடும். இதற்கு ஆகும் அதிகச் செலவு மிகச் சொற்பம். ஆனாலும் இதைச் செய்து தரும்படி கேட்பவர்களும் குறைவு, கேளாமல் செய்து தரும் எலக்ட்ரீஷியன்களும் குறைவு.

ஹாலஜனுக்காக அமைந்த ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகுவது இன்னொரு கேடு. ஹாலஜன் பல்பில் ஒளி பிறக்கும் இழை எந்த இடத்தில், எந்த அளவில் இருக்குமோ அதைக் கணக்கிட்டே ரிஃப்ளெக்டரின் வளைவு தீர்மானிக்கப்படுகிறது. அந்த இடம் மயிரிழை தவறினாலும் கற்றை சிதறிவிடும். ஓட்டுகிறவருக்குச் சக்கரத்தின் அருகே நல்ல வெளிச்சம் தெரிவதால் மனநிறைவு ஏற்படுகிறது. எதிரே வருபவருக்கோ சாலையே மறைந்துபோகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். கண் கூசிய ஓட்டுநருக்குப் பார்வை சரிப்பட 3 விநாடிகள் பிடித்தால், அந்த 50 மீட்டரும் அவர் குருடராகவே பஸ்ஸை ஓட்டுகிறார். சிராடி கணவாயிலும் சார்மாடி கணவாயிலும் 50 மீட்டருக்குள் எத்தனை வளைவு என்பதை அந்த வழியில் போனவர்கள் அறிவார்கள்.

முத்திரைகளைப் பார்த்து வாங்குவது ஓரளவு பாதுகாப்பு. வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால், அது ஐரோப்பிய விதிப்படி சோதித்து அனுமதிக்கப்பட்டது என்று பொருள். அந்த எண் அனுமதி அளித்த நாட்டைக் குறிக்கும். இந்திய விளக்குகளுக்கு ஏ.ஐ.எஸ். தரவிதிகள் இருக்கின்றன. அமெரிக்க 'டி.ஓ.டி.' முத்திரையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அந்நாட்டு அரசாங்கம் விளக்கைச் சோதித்து வழங்குவதல்ல அது. தயாரிப்பாளரே தம் பொருள் விதிக்கு உட்பட்டது என்று கூறிப் போட்டுக்கொள்வது. பெயர்பெற்ற கம்பெனிகளின் முத்திரையையே போலியாக அச்சடிப்பவர்களும் இருப்பதால், பில் இல்லாமல் எதையும் வாங்காதிருப்பது உத்தமம். பில்லும் உத்தரவாதச் சீட்டும் தர மறுக்கும் கடை, தன் சரக்கைப் பற்றித் தானே சாட்சி சொல்லிவிடுகிறது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முன் விளக்கின் ஒளி 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. 111ஆவது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்புறத்தில் ஸ்பாட் விளக்கோ தேடு விளக்கோ வைக்கலாகாது என்கிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே தோட்டத்து வண்டிக்கு ஸ்பாட் விளக்கு வேண்டுவோர் முதலில் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம். தோட்டத்தின் கேட்டைத் தாண்டித் தார்ச் சாலையில் ஏறும்போது அந்த விளக்குகளை அணைத்து உறை போட்டு மூடிவிடுவதும் ஒரு பழக்கமாக வேண்டும்.

106ஆவது விதியை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். சமதரையில் சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, சுவரில் 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போட்டு, டிம் விளக்கின் ஒளி அந்தக் கோட்டை எட்டாமல் கீழேயே நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் காலி வண்டியில் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. பின்னால் காப்பி மூட்டைகளை ஏற்றினால் பிக்கப்பின் பின்புறம் தணிந்து மூக்கு நிமிரும். காலையில் ஒழுங்காக இருந்த விளக்கு மாலையில் வானத்தைப் பார்க்கும். பாரத்தோடு ஒருமுறை பார்ப்பதே உண்மையான சோதனை.

சட்டம் அமலாகும் முறையில் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரவில் சாலையில் நிறுத்தப்படுபவர் ஓட்டுநர். விளக்கை வாங்கிக் கொடுத்த தோட்ட முதலாளியோ, 'முழுச் சட்டப்படி உள்ளது' என்று சொல்லி விற்ற கடைக்காரரோ அங்கே இருப்பதில்லை. அபராதத்தை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் முதலாளிகளும் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், வண்டியை விதிக்குப் புறம்பாக மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. சாலையோரத்தில் ஓட்டுநரிடம் சில நூறு ரூபாய் வசூலித்து அனுப்புவதோடு அதிகாரிகள் நின்றுவிட்டால், அதே விளக்கு மறுநாளும் எரியும். முத்திரை இல்லாத விளக்குகள் அடுக்கியிருக்கும் கடைகளில் பகலிலேயே சோதனை நடத்துவது, இரவில் நூறு வண்டிகளை மடக்குவதைவிட எளிது.

போக்குவரத்து இலாகா இன்னொன்றும் செய்யலாம். மலை மாவட்டங்களின் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில், தோட்ட வண்டிகளுக்கு எந்த வகை விளக்கு, எந்த உயரத்தில், எந்த நிபந்தனையோடு அனுமதிக்கப்படும் என்பதைக் கன்னடத்தோடு தமிழ், மலையாளத்திலும் அச்சிட்டு ஒட்டலாம். ஓட்டுகிறவர்களில் பலருக்குப் படிக்கத் தெரிந்த மொழி அதுவாக இருக்கும். அனுமதி கேட்டு வருபவரை நாலு நாள் அலைய விடாமல், வண்டியைப் பார்த்து அன்றே முடிவு சொல்லலாம். குடகில் காப்பிப் பறிப்பு நவம்பரில் தொடங்கிவிடும். பறிப்பு நாட்களில் கடைசி ஜீப் குடியிருப்பை அடைவதற்குள் இருட்டிவிடுகிறது. அதற்கு முன்பாகவே, அக்டோபரில் மழை குறைந்த கையோடு இந்த வேலை நடந்தாக வேண்டும்.