கியர் பெட்டி ஆயில் பொங்குகிறதா?

கேள்வி: மதுராந்தகம் பக்கம் 3 ஏக்கரில் நெல் வைக்கிறோம். அப்பா வாங்கிய பழைய டிராக்டரும் டிப்பர் டிரெய்லரும் உள்ளன. சென்ற மாதம் ஆயில் குறைவாகக் காட்டியதால் ஊற்றினோம். இப்போது கியர் பெட்டியின் மூச்சுத்துளை வழியே ஆயில் பொங்கி வழிகிறது. பெட்டியை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். உழவு நேரம் நெருங்குகிறது. என்ன செய்வது?
– வாசகர், சிட்லபாக்கம்

பதில்: பெட்டியை இறக்க அவசரப்படாதீர்கள். பல பழைய டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். டிப்பரைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது பல லிட்டர் ஆயில் ஜாக்கிக்குள் போய்விடும். அந்த நேரத்தில் அளவு பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி ஊற்றினால், டிப்பர் இறங்கியதும் அந்த ஆயிலும் திரும்பி வந்து பெட்டி நிரம்பிவிடும். பல்சக்கரங்கள் அதைக் கடைய, சூடேறி நுரைத்துப் பொங்கும்.

எனவே வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டிப்பரையும் லிஃப்ட் கைகளையும் இறக்கி, எஞ்சினை அணைத்து, சிறிது நேரம் விட்டு அளவு பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் மிகுதியை வடித்துவிடுங்கள். பழைய ஆட்டோமேட்டிக் கார்களிலும் இப்படி உண்டு. நாள்கணக்கில் நின்றால் கன்வெர்ட்டரில் உள்ள ஆயில் கீழ்த்தட்டில் இறங்கி, அளவு கூடுதலாகக் காட்டும்.

அடுத்து நிறம். பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சேற்றுழவிலோ வண்டி கழுவும்போதோ இது நடக்கும். இரவு முழுதும் நிறுத்திவிட்டு, காலையில் வடிகால் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். தேங்கிய தண்ணீர் முதலில் வரும். அப்படியானால் ஆயில் முழுவதையும் மாற்றி, தண்ணீர் புகுந்த சீல், கியர் லீவர் உறை ஆகியவற்றையும் மாற்ற வேண்டும்.

அளவும் நிறமும் சரியாக இருந்தும் நுரைத்தால், ஆயில் ரகம் தவறாக இருக்கலாம்; பம்ப் உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கலாம். இதற்குத்தான் மெக்கானிக் தேவை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வழிகிறதே என்று மூச்சுத்துளையைத் துணி வைத்து அடைக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறி சீல் பிதுங்கும். பிரேக் லைனிங்கில் ஆயில் பட்டால், நெல் மூட்டையோடு இறக்கத்தில் வரும் வண்டி நிற்காது.

சந்தேகம் தீராவிட்டால், அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில், பார்த்த அளவையும் நிறத்தையும் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.