காரில்லாத மலைவாசிகளுக்கு ஒரு பஸ்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங் தொடங்கி கியா பார்ம் சந்தை வரை கார்கள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். சாலையை அகலப்படுத்துங்கள் என்ற குரல் உடனே எழும். அதே சாலையோரம் காரே இல்லாமல் வாழ்கிறவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்துத் தோட்டத்தில் வீடு, ஆலை, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாமே நடந்துபோகும் தூரம்தான். இன்று அப்படி இல்லை. அதே ‘போ’வின் சுங்கை பாலாஸ் தோட்டத்து மூதாட்டி ஒருவர் தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஒரு வேன் வந்தால் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகலான வளைவுப் பாதையில் இறங்கி, முதலில் மெயின் ரோட்டைப் பிடிக்க வேண்டும். மகனுக்கு வேலை இல்லாத நாள் என்றால் அவன் மோட்டாரில் பின்னால் உட்காரலாம். இல்லையென்றால் டாக்சிதான். ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக டாக்சிக்கு அழுவது என்ன நியாயம்? வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து கொழுந்து பறிப்பவர்களின் பாடும் இதுதான்.

இத்தனைக்கும் பஸ் ஓட்டுவதற்கென்றே அமைந்த மலை இது. தாப்பாவிலிருந்து ஏறும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலை ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என முக்கிய ஊர்களை ஒரே கோட்டில் கோத்துவிடுகிறது. பொதுப் போக்குவரத்து சரியாக இருந்தால் கார் இல்லாதது ஒரு குறையே அல்ல. கார் இல்லாவிட்டால் கால் முடங்கிவிடும் என்ற நிலையில் இருக்கும் அமெரிக்காவிலேயே, நியூயார்க் நகரில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் கார் கிடையாது. இரவு பகலாக ஓடும் சுரங்க ரயில் இருப்பதால் அவர்களுக்கு அது குறையாகத் தெரிவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதம் 50 ரிங்கிட் பாஸ் எடுத்தால் ரேபிட் கேஎல் ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். தோட்டத்து மக்களும் அதே அரசுக்குத்தான் வரி கட்டுகிறார்கள்.

பஸ் நகரச் சாலையில் இடம் வேண்டுமே. மலைக்கு வரும் கார்களுக்கு வரம்பு கட்ட முடியாதா? நீலகிரியில் கட்டியிருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அங்கே போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று நீதிமன்றமே எண்ணிக்கையும் சொல்லிவிட்டது.

கேமரன் மலைக்கு அந்த அளவு கெடுபிடிகூட வேண்டாம். விடுமுறை நாள்களில் வெளியூர்க் கார்களை ரிங்லெட்டிலும் கம்போங் ராஜாவிலும் நிறுத்தச் சொல்லி, அதற்கு வாங்கும் கட்டணத்தில் ஆண்டு முழுக்கச் சிறிய பஸ்களை ஓட்டலாம். தோட்டப் பாதைகளுக்கு வேன் போதும். காலையின் முதல் வண்டி, இடைநிலைப்பள்ளி மணி அடிப்பதற்குள் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரத்தில் தோட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். சுற்றுலா பஸ்ஸின் அட்டவணையை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.