வாள் நுழையாத இடத்தில் விசிறி

ஜப்பானில் 'தெஸ்ஸென்' என வழங்கும் இரும்பு விசிறி, போர்க்கருவிகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்றாயினும், ஒரு பொருள் எப்போது ஆயுதமாகிறது என்பதை வாளையும் வேலையும்விடத் தெளிவாகக் காட்டக்கூடியது. மடக்கிய நிலையில் ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள இக்கருவியில் இரு வகைகள் உண்டு. முதல் வகையில், வெளிப்புறச் சட்டங்கள் இரண்டோ எல்லாச் சட்டங்களுமோ இரும்பாலாகி, இடையே தாள் ஒட்டப்பட்டிருக்கும். அது மெய்யாகவே விரியும், காற்றும் வீசும். இரண்டாவது வகை, மடக்கிய விசிறியின் உருவில் செய்யப்பட்ட, விரியவே விரியாத இரும்புத் துண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் விசிறியே.

சாமுராய் எனப்பட்ட போர்க்குடியினர் பிறர் வீட்டுக்கு விருந்தினராகச் செல்லும்போது நெடுவாளை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அக்காலத்து வழக்கம். ஆனால் விசிறி உடையின் ஓர் உறுப்பாகவும் மரியாதையின் அடையாளமாகவும் கருதப்பட்டதால், இடைக்கச்சையில் செருகிய விசிறியை எடுத்து வைக்கும்படி எவரும் கேட்பதில்லை. வாள் நுழைய முடியாத அந்த இடத்துக்காகவே இரும்பு விசிறியும், அதைக் கையாளும் 'தெஸ்ஸென்ஜுட்ஸு' என்னும் பயிற்சிமுறையும் வளர்ந்தன. பதினாறாம் நூற்றாண்டின் படைத்தலைவர் அராக்கி முராசிகேயைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் பணிந்திருந்த பெருந்தலைவர் ஓடா நோபுநாகா அவரைத் தம் அவைக்கு அழைத்து, அவர் வாசற்படியில் தலை குனிந்து வணங்கும் நேரத்தில் இருபுறத்து இழுகதவுகளையும் வேகமாக மூடிக் கழுத்தை நெரித்துவிட ஏற்பாடு செய்திருந்தாராம். முராசிகேயோ வணங்குவதற்கு முன் தம் இரும்பு விசிறியைக் கதவு ஓடும் பள்ளத்தில் வைத்துவிட, கதவுகள் அதில் முட்டி நின்றன என்கிறது கதை. இதில் விசிறி யாரையும் அடிக்கவில்லை, குத்தவில்லை. கிடக்க வேண்டிய இடத்தில் கிடந்தது, அவ்வளவே. கருவியின் வலிமையைவிட அதை வைத்திருப்பவனின் முன்னறிவே பெரிது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

விசிறிக்குப் போர்க்களத்தில் வேறு பணியும் இருந்தது. மடங்காத பலகைபோன்ற 'குன்பாய்' என்னும் விசிறியை உயர்த்தியும் தாழ்த்தியும் தளபதிகள் படைக்கு ஆணையிட்டனர். 1561-இல் நடந்த நான்காம் கவானகஜிமா போரில், குதிரைமேல் பாய்ந்து வந்த எதிரணித் தளபதி உஏசுகி கென்ஷினின் வாள்வீச்சை, இருக்கையில் அமர்ந்திருந்த தகேடா ஷிங்கென் தம் குன்பாயினாலேயே தடுத்தார் என்பது ஜப்பானியர் விரும்பிச் சொல்லும் நிகழ்ச்சி. அக்காட்சியைச் சிலையாகவும் வடித்து அந்தக் களத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இன்றைய சூமோ மற்போரில் நடுவர் கையில் இருப்பதும் அதே குன்பாய்தான். சீனத்திலோ விசிறி இன்று பெரும்பாலும் உடற்பயிற்சிக் கருவியாகிவிட்டது. பேராசிரியர் லி தேயின் வடிவமைத்த 52 அசைவுகள் கொண்ட தாய்ச்சி விசிறி முறையைப் பூங்காக்களில் முதியோர் கூட்டமாகச் செய்கின்றனர்.

தமிழ்நாட்டில் விசிறி ஆயுதமானதாகச் சான்று இல்லை. இதற்கு விசிறியின் அமைப்பே ஒரு காரணம். திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் வழியில் உள்ள எரியோட்டைப் போன்ற மானாவாரிப் பகுதிகளில், கோடையில் மின்சாரம் நின்றவுடன் கைகள் தேடுவது பனையோலை விசிறியை. இளம் ஓலையை வெட்டி, வெயிலில் வாட்டி, பாரம் வைத்துத் தட்டையாக்கி, வட்டமாக நறுக்கி, ஓரம் கிழியாமல் ஈர்க்கோ துணியோ வைத்துத் தைப்பார்கள். ஓலையோடு சேர்ந்து வந்த மட்டையே காம்பாகிவிடும். பனைமட்டையின் இருபுறமும் அரம்போன்ற கறுத்த பற்கள் உண்டு. கருக்கு எனப்படும் அவை கையைக் கிழிக்க வல்லவை. விசிறி செய்பவர் அந்தக் கருக்கைச் சீவி எறிந்த பிறகே மட்டையைக் காம்பாக்குகிறார். மரம் தனக்கென வைத்திருந்த ஆயுதத்தை முதலில் நீக்கிவிட்டுத்தான் தமிழர் விசிறி உருவாகிறது. மேலும், மடக்கு விசிறி மூடியவுடன் ஒரு குறுந்தடியாகிவிடும். அதன் எடை முழுவதும் ஒரே கோட்டில் திரண்டு, நுனியால் மணிக்கட்டையோ தொண்டைக்குழியையோ தாக்க உதவும். பனையோலை விசிறியோ அகலமானது, எடையற்றது, ஓரத்தில் வளைந்துகொடுப்பது. அதனால் கொசுவைத்தான் அடிக்கலாம்.

எனினும் வாளும் விசிறியும் நேருக்கு நேர் நின்ற தருணம் ஒன்று சங்க இலக்கியத்தில் உண்டு. வீரமுரசை நீராட்டக் கொண்டுசென்றிருந்த நேரத்தில், அது முரசுக்குரிய கட்டில் என்றறியாமல் அதில் படுத்து உறங்கிவிட்டார் மோசிகீரனார். அந்தக் குற்றத்துக்கு வாளால் இருகூறாக்குவதே தண்டனையாயிருக்க, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டாமல் விட்டதோடு, புலவர் விழிக்கும்வரை கவரி வீசிக்கொண்டிருந்தான். புறநானூற்றின் 50-ஆம் பாடல் இச்செய்தியைத் தருகிறது. ஜப்பானில் வாளுக்கு மாற்றாக விசிறி ஆயுதமாயிற்று. இங்கே வாளை விலக்கிவிட்டு விசிறும் செயல் அரச மாண்பின் உச்சமாகப் பாடப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பைத் தமிழ்ப் பாடநூல்கள் பயன்படுத்திக்கொண்டால் நன்று.

வாள் நுழையாத இடத்தில் ஜப்பானிய விசிறி செய்த வேலையைத் தமிழகத்தில் செய்தவை இரண்டு: ஒன்று கம்பு, மற்றொன்று மடுவு. மான்கொம்பு என்றும் வழங்கும் மடுவு, வெளிமானின் முறுக்குக் கொம்புகள் இரண்டை எதிரெதிர்த் திசையில் நுனிகள் நீளும்படி நடுவில் பிணைத்துச் செய்யப்படுவது. நுனிகளுக்கு இரும்புப் பூண் இடுவதும், பிடியின் முன்னால் சிறு கேடயம் பொருத்துவதும் உண்டு. பிடி நடுவில் இருப்பதால், முன்னால் வருபவனைக் குத்தும் அதே கை, உடலைத் திருப்பாமலேயே பின்னால் வருபவனையும் குத்தும். எதிரியின் கம்பு வீச்சைக் கொம்புகளில் ஏந்தித் திசைமாற்றவும் முடியும். ஆயுதம் தாங்கக் கூடாத பக்கீர்களும் துறவிகளும் இதை உடன் வைத்திருந்தனர் என்பது வட இந்திய வழக்கு. இரும்பு விசிறி பிறந்த அதே தேவை இங்கும் தெரிகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முழுமையாகக் காப்பதால், இன்றைய சிலம்பப் பயிற்சியில் மெய்யான கொம்புக்கு இடமில்லை. உலோகத்தாலோ மரத்தாலோ செய்த மடுவே முறையானது.

கம்பின் கதை இன்னும் ஆழமானது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது; கம்பெனியை எதிர்த்துக் கூட்டணி திரட்டிய விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதப் பயன்பாட்டையே ஒடுக்க முற்பட்டது. சிவகங்கையின் சின்ன மருதுவிடம் வளரி என்னும் எறிகருவியை வீசக் கற்றதாக எழுதிவைத்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, பின்னர் அதே மருதுவுக்கு எதிரான படையில் பணியாற்ற நேர்ந்தது என்பது அக்காலத்தின் கொடுமைகளில் ஒன்று. 1878-இன் ஆயுதச் சட்டம் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமென அமைந்த லத்தி, சாதாரணக் கைத்தடி போன்றவற்றை ஆயுதம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைக்கிறது. ஆடு மேய்க்கவும், பாம்பை விலக்கவும், முதுமையில் ஊன்றவும் உதவும் கம்பை எந்த ஆட்சியாலும் பறிக்க முடியாது. சாமுராயின் இடைக்கச்சை விசிறியைப் போலவே அது சட்டத்தின் கண்ணெதிரே ஆயுதமாக இருந்தது. குறுங்கருவியால் பெரிய காயம் விளைவிக்க, தாக்க வேண்டிய இடம் தெரிந்தாலே போதும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களை வகுத்துவைத்த வர்மக்கலை அந்த அறிவையும் கூடவே வளர்த்தது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது நல்ல செய்தி. ஆயினும் போட்டிக்கெனக் கற்கும்போது வேகமும் அழகும் முன்னுக்கு வந்து, எந்த அடி எதற்காக, எந்தப் பிடி எந்த இடுக்கில் உதவும் என்ற விளக்கம் பின்னுக்குத் தள்ளப்படும் ஆபத்து உண்டு. ஜப்பானியர் ஓரடி விசிறிக்கும் பிடி, தடுப்பு, தாக்கு என நிரல்படுத்திப் பள்ளிமரபாகக் காத்துவருகின்றனர். தமிழ்ச் சிலம்ப மரபிலோ பெரும்பகுதி இன்னும் வாத்தியார்களின் நினைவிலேயே இருக்கிறது; ஒரு வாத்தியார் மறைந்தால் அவர் வரிசையும் மறைகிறது. எரியோடு, வேடசந்தூர், வடமதுரை வட்டாரங்களில் முதிய சிலம்ப வாத்தியார்கள் எவரேனும் இருந்தால், அவர்தம் மாணவர்களும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களும் அவர்களிடம் சென்று, அடிகளின் பெயர்களையும் காலடி வரிசைகளையும் மடுவுப் பிடிகளையும் கைப்பேசியில் படம்பிடித்து, குறிப்பேட்டிலும் எழுதிவைக்க வேண்டும். இந்தப் பணிக்கு அரசாணை தேவையில்லை. வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்.