திருப்பம் யாருடைய பாடம்?

"தோட்டத்துப் பிள்ளைக்கு குறுக்குப் பெருக்கம் என்னத்துக்கு?" இந்தக் கேள்வி நமக்குப் புதுசு இல்லை. சிலநேரம் அக்கறையாகவே வரும்: "கணிதப் பிரிவு கஷ்டம், ஆசிரியரும் இல்ல, கலையே எடுத்துப் பாஸ் பண்ணு." சிலநேரம் நக்கலாக வரும். எப்படி வந்தாலும் உள்ளே இருக்கிற நினைப்பு ஒன்றுதான். காவி, விசை, திருப்பம் எல்லாம் கொழும்பில் கட்டடம் கட்டப்போகிறவர்களின் சமாச்சாரம், இரத்தினபுரி, கேகாலை லயங்களில் இருக்கிற நமக்கு அதில் வேலை இல்லை என்பதுதான் அது.

நான் கலைப்பீடத்தில் படிக்கிறேன். ஆனாலும் இதற்கு நேர் எதிரான கட்சியில்தான் நிற்கிறேன். இந்த நாட்டில் விசையின் திருப்பத்தை யாராவது கட்டாயம் விளங்கி வைத்திருக்க வேண்டும் என்றால், அது சரிவில் வேலை செய்து, சரிவில் படுத்துத் தூங்குகிற நாம்தான்.

முதலில் பாடத்தைப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், பத்தாம் தர விஞ்ஞானத்தில் "விசையின் திரும்பல் விளைவு" என்று படித்தது தான். ஒரு விசை ஒரு பொருளைத் தள்ளும் அல்லது இழுக்கும். அதோடு ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பவும் பார்க்கும். எவ்வளவு திருப்பும் என்பது விசையின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. அந்தப் புள்ளியிலிருந்து விசை செல்லும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தையும் பொறுத்தது. இரண்டையும் பெருக்கினால் திருப்பம். அலகு நியூற்றன் மீற்றர்.

அலவாங்கால் கல் கிளப்புகிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒன்றரை மீற்றர் அலவாங்கில், கல்லில் இருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு சின்னக் கல்லை முட்டுக்கொடுத்தால், கைப்பக்கம் 135 சென்ரிமீற்றர். ஒன்பது மடங்கு. கையில் 20 கிலோ பாரம் அளவுக்கு அமுக்கினால் கல்லுப்பக்கம் 180 கிலோவுக்கு ஈடு. முட்டுக்கல்லை இன்னும் கிட்டக் கொண்டுபோ என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தக் கணக்குத்தான்.

கொழுந்து எடுக்கிற பெண்ணின் முதுகையும் பாருங்கள். 15 கிலோ கொழுந்து முதுகெலும்பின் அடியில் இருந்து 20 சென்ரிமீற்றர் பின்னால் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அவளைப் பின்னால் சாய்க்கிற திருப்பம் ஏறக்குறைய 30 நியூற்றன் மீற்றர். விழாமல் நிற்க அவள் முன்னால் குனிகிறாள். மேலுடம்பு 30 கிலோ என்றால், அதை 10 சென்ரிமீற்றர் முன்னால் கொண்டுவந்தால் கணக்குச் சரி. அதாவது "கூனிப்போய் நடக்கிறா" என்று நாம் சொல்கிற அந்தக் குனிவு ஒரு சமன்பாட்டின் விடை. ஆனால் சமன்பாடு தீர்ந்தாலும் பாரம் குறையவில்லை. கூடையின் 15 கிலோவும் அப்படியே கழுத்திலும் முதுகெலும்பிலும் இறங்குகிறது. இறப்பர் தோட்டத்தில் பால் வாளியை ஒரே கையில் தூக்காமல் இரண்டாகப் பிரித்து இரு கையிலும் தூக்கினால் பக்கவாட்டுத் திருப்பங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், முதுகு வளையாது. மொத்தப் பாரம் மட்டும் அதேதான். திருப்பத்துக்கு எதிர்த்திருப்பம் கொடுக்கலாம், பாரத்தை யாராவது சுமந்துதான் ஆகவேண்டும்.

சரி, இதில் குறுக்குப் பெருக்கம் எங்கே வந்தது? தாளில் வரைந்த படத்துக்கு "வலஞ்சுழி, இடஞ்சுழி" என்று சொன்னால் போதும். உலகம் தாள் இல்லையே. சரிவில் நிற்கிற ஒரு பெரிய மரத்தை எடுப்போம். அது பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன் எடை பள்ளத்துப் பக்கமாக விழுத்தப் பார்க்கிறது. காற்று சரிவுக்குக் குறுக்கே, லயத்தின் நீளப்பாட்டில் அடிக்கிறது. அது வேறொரு பக்கம் விழுத்தப் பார்க்கிறது. இரண்டு திருப்பங்களும் இரண்டு வேறு அச்சுகளைச் சுற்றியவை. வேர் உணர்வது இரண்டின் கூட்டுத்தொகையை. மரம் பள்ளத்துப் பக்கமும் விழாது, காற்றுப் பக்கமும் விழாது, இரண்டுக்கும் இடையில் மூலைப்பாட்டில் விழும். "மரம் அந்தப் பக்கம்தானே சாஞ்சிருக்கு, நம்ம கூரைக்கு ஒன்னும் ஆகாது" என்று நம்புவது எவ்வளவு ஆபத்து என்று இப்போது விளங்கும்.

இந்த "எந்த அச்சைச் சுற்றி" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் குறுக்குப் பெருக்கம். புள்ளியிலிருந்து விசை தாக்கும் இடத்துக்கு ஒரு காவி, விசை இன்னொரு காவி. முதலாவதை இரண்டாவதால் குறுக்கே பெருக்கினால் வருவது இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது காவி. வலக்கை விரல்களை முதலாவதில் இருந்து இரண்டாவதை நோக்கி மடக்கினால் பெருவிரல் காட்டுகிற திசைதான் அச்சு. பெருக்கும் ஒழுங்கை மாற்றினால் விடை தலைகீழாகிவிடும். மூன்றும் நான்கும் பெருக்கினாலும், நான்கும் மூன்றும் பெருக்கினாலும் பன்னிரண்டு என்று பழகிய நமக்கு அது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

இந்த வடிவத்தை இன்று உலகம் பயன்படுத்தும் முறைக்கு 1880களில் கொண்டுவந்தவர்கள் இருவர், அமெரிக்காவில் கிப்ஸ், இங்கிலாந்தில் ஹெவிசைட். ஹெவிசைட் 16 வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தந்தி வேலை பார்த்துக்கொண்டு தானே படித்தவர். பல்கலைக்கழகப் பக்கமே மாணவராகப் போகவில்லை. "இது நமக்கு ஏறாது" என்கிறவர்கள் அவரை ஒருமுறை நினைக்கலாம்.

"காவி" என்ற சொல்லையும் பாருங்கள். வெக்டர் என்ற இலத்தீன் சொல்லுக்குச் சுமப்பவர், கொண்டுசெல்பவர் என்று பொருள். தமிழிலும் காவுதல் என்றால் சுமத்தல், காவடி அதிலிருந்து வந்ததுதான். இலங்கைப் பாடநூல்கள் "காவி" என்கின்றன, தமிழ்நாட்டில் "திசையன்" என்கிறார்கள். நாம் "திருப்பம்" என்பதை அவர்கள் "திருப்புத்திறன்" என்பார்கள். ஆசிரியர் இல்லாமல் யூடியூபை நம்பிப் படிக்கிற பிள்ளை முதலில் தடுக்கி விழுவது கணக்கில் இல்லை, இந்தச் சொற்களில்தான். இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட ஒரு சின்னப் பட்டியல் போதும், பாதி மிரட்சி போய்விடும்.

இனி மலைக்கு வருவோம். எனக்கு முக்கியமானது இந்தப் பகுதிதான்.

1916இல் சுவீடனின் கோதன்பேர்க் துறைமுகத்தில் ஒரு படகுத்துறை மண்ணோடு சரிந்து போனது. மண் எப்படி வழுக்கியது என்று பார்த்த பொறியியலாளர்கள் அது ஏறக்குறைய ஒரு வட்டவில்லில் திரும்பி இறங்கியிருப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்த முறையைத்தான் பின்னர் ஃபெலேனியஸ் என்ற சுவீடன்காரர் வளர்த்தெடுத்தார். அதன் உள்ளடக்கம் முழுக்கத் திருப்பம்தான். வட்டத்தின் மையத்தைப் புள்ளியாக எடு. வழுக்கப்போகிற மண்ணின் எடை கொடுக்கிற திருப்பம் ஒரு பக்கம். வில்லின் நீளத்தில் மண் பிடித்து வைத்திருக்கிற பிடிமானம் கொடுக்கிற எதிர்த்திருப்பம் மறுபக்கம். எதிர்த்திருப்பத்தை எடையின் திருப்பத்தால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. ஒன்றுக்கு மேலே இருந்தால் நிற்கும். ஒன்றுக்குக் கீழே போனால் இறங்கும்.

விளங்குவதற்காக நானே போட்ட எண்கள் இவை. ஒரு மீற்றர் அகல மண்துண்டு 900 கிலோநியூற்றன், அதாவது சுமார் 90 தொன். மையத்தில் இருந்து கிடைத்தூரம் 3 மீற்றர். திருப்பம் 2700. வில் 20 மீற்றர், ஆரை 12 மீற்றர், பிடிமானம் சதுர மீற்றருக்கு 15 கிலோநியூற்றன். எதிர்த்திருப்பம் 3600. காரணி 1.33, மலை நிற்கிறது. இப்போது மூன்று நாள் அடைமழை. மண் நனைந்து எடை 950 ஆகிறது, திருப்பம் 2850. மண்ணிடுக்கில் ஏறின தண்ணீர் உள்ளிருந்து அழுத்துவதால் பிடிமானம் 15இல் இருந்து 10க்கு இறங்குகிறது, எதிர்த்திருப்பம் 2400. காரணி 0.84. கவனித்தீர்களா? எடை கூடினது கொஞ்சம்தான். ஆளை விழுத்தியது பிடிமானம் குறைந்தது. "மழைத்தண்ணி பாரத்தில மலை இறங்கிருச்சு" என்று நாம் சொல்வது பாதி உண்மைதான்.

இதே கணக்கு இன்னும் இரண்டு விடயம் சொல்கிறது. சரிவின் அடிப்பாகத்தில் இருக்கிற மண் பெரும்பாலும் எதிர்த்திருப்பம் கொடுக்கிற மண். வீட்டைப் பெருப்பிக்கவோ ரோட்டை அகலிக்கவோ அடியை வெட்டினால், மலையைப் பிடித்துக்கொண்டிருந்த கையையே வெட்டுகிறோம். மேலே மண் கொட்டினால், தள்ளுகிற பக்கத்துக்கு ஆள் சேர்க்கிறோம். லயத்துக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிற கான் வெறும் சுத்தப் பிரச்சினை இல்லை. அந்தத் தண்ணீர் போகிற இடம் மண்ணின் பிடிமானம்.

எல்லா மண்சரிவும் இப்படி வட்டமாக வழுக்குவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலையில் இருந்து வந்தது சேறும் கல்லுமான ஓட்டம், கிராமங்களையே மூடியது. அதே நாட்களின் மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் இறங்கி லயக் குடும்பங்கள் புதைந்தன. 2003 மேயிலும் 2017 மேயிலும் இரத்தினபுரி மாவட்டம் இதே துயரத்தைப் பார்த்தது. ஆனாலும் வடிவம் எதுவானாலும், தள்ளுவது ஒரு பக்கம் தாங்குவது மறுபக்கம் என்ற அடிப்படை மாறுவதில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் அவதானம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேறு. இந்த எண்களுக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்று தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால், "ஒவ்வொரு வருசமும் இப்படித்தான் சொல்றாங்க" என்று யாரும் படுத்துவிடமாட்டார்கள். அதைவிட முக்கியம், அதிகாரியிடம் கேள்வி கேட்க முடியும்: இந்தச் சரிவின் காரணி என்ன? அடியை வெட்ட யார் அனுமதி கொடுத்தது? வெளியேறு என்கிறீர்கள், எங்கே போவது? தோட்டக் காணி நம்முடையதில்லை. வீடு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானித்ததும் நாமில்லை. தீர்மானித்த தாளையாவது வாசிக்கத் தெரிய வேண்டாமா?

அதற்குத்தான் கணிதப் பிரிவு வேண்டும் என்கிறேன். சப்ரகமுவவில் தமிழ் மொழிமூலம் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கக்கூடிய பாடசாலைகள் மிகச் சில. இதில் ஒரு கொடுமை உண்டு. பொறியியல் போன்ற துறைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அந்தப் பதினாறில் ஒன்று. கலைத்துறைக்கோ அகில இலங்கைத் திறமைதான். அதாவது பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகை இருப்பது நம் பிள்ளைகள் படிக்க வழியில்லாத பிரிவில். அவர்கள் தள்ளப்படுகிற பிரிவில் அந்தச் சலுகை இல்லை. மாவட்டம் பின்தங்கியதாகக் கணக்கில் வருவதற்கு நாமும் காரணம். பலன் எடுக்கிற வரிசையில் நாம் இல்லை.

"ஒரு பாடசாலையில் நாலு பிள்ளைக்காக எப்படி ஒரு பிரிவு திறப்பது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் ஊருக்கு ஒன்று கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒரு தமிழ்ப் பாடசாலை, அதோடு விடுதி, நிரந்தரமாக நிற்கிற இரண்டு ஆசிரியர்கள். தூரத் தோட்டத்துப் பிள்ளைக்கு விடுதி இல்லாத கணிதப் பிரிவு, பெயருக்குத் திறந்த கதவுதான்.

அதுவரை கலைப்பீடத்துக்காரர்களான நமக்கும் வேலை இருக்கிறது. எச்சரிக்கை அறிவித்தல்களை நல்ல தமிழில் விளக்கி எழுதலாம். பத்தாம் தர மாணவர்களுக்குத் திருப்பம் சொல்லிக்கொடுக்கும்போது புத்தகத்தில் உள்ள ஊஞ்சல் பலகையோடு நிறுத்தாமல் அலவாங்கையும் கூடையையும் லயத்துப் பின்சுவரையும் காட்டலாம். ஒரு போத்தலை வெட்டி மழைமானி செய்து, 75ஐயும் 100ஐயும் 150ஐயும் கோடு போட்டு வைக்கலாம். இதற்கு இசட் புள்ளி தேவையில்லை.

ஒரே விசைதான், எந்தப் புள்ளியில் நின்று பார்க்கிறோமோ அதைப் பொறுத்துத் திருப்பம் மாறும். விசையின் கோடு நாம் நிற்கும் புள்ளிக்கூடாகவே போனால் திருப்பம் பூச்சியம். மலைக்குக் கீழே நிற்கிறவர் புள்ளியில் இருந்து இந்தக் கணக்கை இதுவரை யாரும் பெரிதாகப் போடவில்லை. போடுவதற்கு அங்கிருந்தே ஆள் வரவேண்டும்.