விமானத்துக்கும் வைக்கோலா? மாட்டுக்கு என்ன மிச்சம்?

வைக்கோலைத் தின்று மாடு பால் கொடுக்கும். இது எல்லோருக்கும் தெரியும். வைக்கோலிலிருந்து எடுத்த எண்ணெயில் ஆகாய விமானம் பறக்கும் என்றால்? "கதை விடாதே!" என்பார் நம் ஊர்ப் பெரியவர். ஆனால், இது கதை அல்ல.

வைக்கோலுக்குள் சர்க்கரைச் சத்து ஒளிந்திருக்கிறது. நீராவியும் அமிலமும் கொண்டு அதை இளக்குகிறார்கள். நொதிகளைச் சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறார்கள். அதைப் புளிக்க வைத்தால் சாராயச் சத்து (எத்தனால்) கிடைக்கிறது. அதிலிருந்து நீர்ச் சத்தைப் பிரித்து, ஹைட்ரஜன் சேர்த்துப் பக்குவம் செய்தால் விமான எண்ணெய் ஆகிறது.

விமானம் பறக்கும் உயரத்தில் கடுங்குளிர். மைனஸ் 47 டிகிரி வரை எண்ணெய் உறையாமல் இருக்கவேண்டும். அந்தச் சோதனையிலும் இது தேறிவிட்டது. சாதாரண விமான எண்ணெயுடன் சரிபாதி வரை கலந்துகொள்ள அனுமதி உண்டு.

இந்தியாவில் பறந்தது

2018 ஆகஸ்டு 27-ந்தேதி டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானம் பறந்தது. அதில் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்திருந்தார்கள். டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையம் அதைத் தயாரித்தது.

2023 மே 19-ந்தேதி புனாவிலிருந்து டெல்லிக்குப் பயணிகள் விமானம் ஒன்று, உள்நாட்டில் செய்த எரிபொருளைக் கலந்து பறந்தது. அதே ஆண்டில் மத்திய அரசு ஓர் இலக்கும் வகுத்தது. வெளிநாடு செல்லும் விமானங்களில் 2027-ல் 100-க்கு 1 பங்கும், 2028-ல் 2 பங்கும் இவ்வகை எண்ணெய் கலக்கவேண்டும் என்பது திட்டம்.

அரியானாவில் உள்ள பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் ஆலை 2022-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்ட அளவு.

அமிர்தியில் எது கழிவு?

பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுத்ததும் வயலில் தாளைக் கொளுத்துகிறார்கள். புகை டெல்லி வரை போகிறது. அங்கே அது கழிவுதான்.

வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் அமிர்திக்கு வாருங்கள். இங்கே வைக்கோல் கழிவா? வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் இருக்கிறது. கோடையில் மாட்டுக்கு அதுதான் சோறு. அந்தப் போரை லாரியில் ஏற்றிவிட்டால், காசு கொடுத்துத் தீவனம் வாங்கவேண்டி வரும். பால் வருமானமும் போய்விடும்.

அப்படியானால் நம் பக்கம் எதுவுமே இல்லையா? இருக்கிறது! கரும்பு வெட்டியபின் தோட்டத்தில் கொளுத்தும் சோகை இருக்கிறது. மல்லாட்டைத் தொலி இருக்கிறது. மண்ணுக்கு மூடாக்குப் போட்டதுபோக மிஞ்சும் சோகையை விற்கலாமே!

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளில் தோலிலிருந்து சீவி எடுக்கும் சதையிலும் கொழுப்பு இருக்கிறது. மாட்டுக் கொழுப்பிலிருந்து விமான எண்ணெய் எடுக்கும் முறை உலகில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. நம் தோல் கழிவை முதலில் சுத்தம் செய்தாகவேண்டும். அதற்கு வழி சொல்ல, சென்னையிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

காட்டாமணக்குப் பாடம்

ஒன்றை மறக்கக்கூடாது. சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு "காட்டாமணக்கு நடுங்கள், பணம் கொட்டும்" என்றார்கள். தமிழ்நாட்டில் பல விவசாயிகள் நம்பி நட்டார்கள். சொன்ன விளைச்சல் வரவில்லை. பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். அதே விவசாயியிடம் மறுபடியும் வெறும் வாய்ப்பேச்சோடு போகக்கூடாது.

ஆகவே, சில நிபந்தனைகள் வேண்டும். மாட்டுத் தீவனம் போக மிஞ்சியதைத்தான் கழிவு என்று சொல்லவேண்டும். விலையை எழுத்தில் முன்கூட்டியே கொடுக்கவேண்டும். சோகை கனம் இல்லாதது. தூரம் கொண்டுபோனால் வண்டிக்கூலிக்கே விலை சரியாகிவிடும். எனவே, கட்டுக் கட்டும் இயந்திரமும் வாங்கும் நிலையமும் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். கழிவு என்ற பெயரில் அமிர்திக் காட்டு மரம் ஒன்றுகூட லாரி ஏறக்கூடாது.

பூமியின் அடியில் கிடந்த கரியைப் பெட்ரோல் வெளியே கொண்டு வருகிறது. சோகையோ காற்றிலிருந்து எடுத்ததைத்தான் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அதனால் உலகம் இதை விரும்புகிறது. நல்ல காரியம்தான். விமானம் பறக்கட்டும்! ஆனால், அதற்கு எண்ணெய் கொடுத்தவன் வீட்டு மாடு பட்டினி கிடக்கக்கூடாது.