கடல் கடந்த உறவும் விடை எழுதாத ஊரும்

தொண்டு செய்ய வந்தவர் தம் நாடு திரும்பிய பின் நமக்கும் அவருக்கும் என்ன உறவு எஞ்சுகிறது? மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நமக்கு இவ்வினா புதிதன்று. கிறித்தவத் தொண்டர்கள் வந்து தங்கி, பள்ளியும் மருத்துவமனையும் கண்டு, பின் கப்பலேறிச் சென்ற வரலாறு இம்மண்ணில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் நீள்கிறது. திரும்பிச் சென்றவர் நம்மை மறந்தாரா என்றே பலரும் கேட்கின்றனர். நாம் வேறொன்றைக் கேட்க விழைகிறோம்: அவர் எழுதியபோது நாம் விடை எழுதினோமா?

எழுமலை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூர். பெருநூலகமோ ஆவணக் காப்பகமோ இங்கில்லை. எனினும் இவ்வூர்ப் பிள்ளைகள் உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் படிக்கச் செல்லும் கல்லூரிகள் சில, அந்தக் கடல் கடந்த உறவின் விளைவுகளே. அமெரிக்கன் மிஷனின் மதுரைக் கிளை 1834ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களால் தொடங்கப்பட்டது. 1881இல் பசுமலையில் வேர்விட்ட அமெரிக்கன் கல்லூரியும், 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் அதன் வழி வந்தவை. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியோடு தொடர்புடைய ஷான்சி அமைப்பின் வழியாகவும் இளைஞர்கள் பலர் இக்கல்லூரிகளுக்கு வந்து தங்கிச் சென்றனர். அவர்கள் புறப்படும் நாளில் மாலையும் கண்ணீரும் உண்டு. முகவரிப் பரிமாற்றமும் உண்டு. அதன் பிறகு என்ன நிகழ்கிறது என்பதே நம் கேள்வி.

இத்தகைய உறவு பொதுவாக மூன்று வழிகளில் தொடர்ந்திருக்கிறது. ஒன்று பணம், மற்றொன்று செய்தி, மூன்றாவது மொழி.

பணத்தின் வழி வந்த உறவுக்கு யாழ்ப்பாணமே சான்று. அமெரிக்கன் மிஷனின் விடுதிப் பள்ளிகளில் பயின்ற சிறுவர்களுக்கு, அவர்தம் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளிகளின் பெயர்களையும் அந்நாட்டுப் பெரியோர் பெயர்களையும் சூட்டும் வழக்கம் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களை இலக்கிய வரலாறு படித்தோர் அறிவர். கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியானவர். அந்தக் கொடை வீணாயிற்று என்று யாரும் சொல்ல இயலாது. ஆயினும், பார்த்திராத ஒருவரின் பெயரைத் தமிழ்ச் சிறுவன் வாழ்நாள் முழுதும் சுமந்தான். கொடுத்தவரோ அச்சிறுவனின் பெயரைச் சுமக்கவில்லை. பணம் மட்டுமே பாலமாகும்போது போக்குவரத்து ஒருவழியாகிவிடுகிறது.

செய்தியின் வழி வந்த உறவு இன்னும் சிக்கலானது. பாஸ்டனிலிருந்து வெளிவந்த 'மிஷனரி ஹெரால்டு' இதழில் மதுரைச் செய்திகள் இடம்பெற்றன. தரங்கம்பாடியிலிருந்து சென்ற செய்திகளை ஜெர்மனியின் ஹாலே நகரம் 1710 முதல் அறிக்கைகளாக அச்சிட்டது. பஞ்சம், நோய், ஊர்ப் பழக்கங்கள் பற்றி அவற்றில் அரிய தகவல்கள் உண்டு. ஆய்வாளர் இன்றும் அவற்றை நாடுகின்றனர். எனினும் அவை கொடையாளர்களுக்காகவும் எழுதப்பட்டவை. கொடை தொடர வேண்டுமானால் குறை தொடர்ந்து சொல்லப்பட வேண்டும். நம் ஊரின் வறட்சி கடல் கடந்தது; நம் ஊரின் கும்மிப் பாட்டும் விடுகதையும் அவ்வளவு எளிதில் கடல் கடக்கவில்லை.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. 1712 முதல் 1714 வரை, சீகன்பால்கும் அவர்தம் தோழர்களும் கேட்ட வினாக்களுக்குத் தமிழர்களே விடையாகக் கடிதங்கள் எழுதினர். சமயம், ஒழுக்கம், மருத்துவம், கல்வி எனப் பலவற்றைப் பேசும் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பெற்று ஹாலேயில் அச்சேறின. பேசப்படும் பொருளாக மட்டும் இருந்த தமிழர் அங்கே பேசுவோராகவும் ஆயினர். ஆனால் அவற்றின் தமிழ் மூலங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. நம் முன்னோர் என்ன சொன்னார்கள் என்பதை அறிய இன்று நாம் ஜெர்மன் மொழியின் வாசலில் நிற்க வேண்டியுள்ளது.

மூன்றாவதான மொழி உறவே நிலைத்தது என்பது நம் துணிபு. சீகன்பால்கு 1714இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். அவர் துணையோடு உருவான தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. தாய்நாடு திரும்பிய வேளையிலும் தமிழைக் கற்பிக்கும் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டது எண்ணத்தக்கது.

ஜி. யு. போப் வாழ்வு இதற்கு மேலும் வலுவான சான்று. 1839இல் வந்து சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம் எனப் பணியாற்றியவர் 1880களில் இங்கிலாந்து திரும்பினார். ஓய்வு கொள்ளவேண்டிய வயதில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இலும், நாலடியார் 1893இலும், திருவாசகம் 1900இலும் வெளிவந்தன. திருவாசக முன்னுரையில் அவர் இட்ட நாள் தம் எண்பதாம் பிறந்தநாள். தமிழில் தம் முதற்பாடம் 1837இல் நடந்ததென்றும் அதில் குறித்தார். கிறித்தவப் பாதிரியார் ஒருவர் சைவத் திருமுறையைத் தம் முதுமையின் பணியாகக் கொண்டார்.

போப்பின் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்கப்பட்டிருப்பதாக நம் மேடைகளில் ஓயாது சொல்கிறோம். ஆக்ஸ்போர்டில் உள்ள அக்கல்லில் அத்தொடர் இல்லை. அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவராகக் குறித்து, அவர்தம் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அக்கல்லை நிறுவியதாக அது சொல்கிறது. நம் கட்டுக்கதையைவிட இவ்வுண்மை பெரிது. 1908இல் மறைந்தவருக்குக் கடலுக்கு இப்பால் இருந்த தமிழர் கல் நாட்டினர். அது விடை எழுதிய தலைமுறை.

"இவையெல்லாம் மதமாற்ற நோக்கில் செய்யப்பட்டவை அல்லவா?" என்று வினவுவோர் உண்டு. நோக்கம் இருந்தது, அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் தொண்டின் முடிவை நோக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பழகிய மக்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றனர். மதுரை மிஷனுக்கு வந்த ரால்ஃப் ரிச்சர்டு கெய்த்தான், காந்தியத்தின்பால் ஈடுபட்டமையால் 1930இலும் 1944இலும் ஆங்கில அரசால் வெளியேற்றப்பட்டார். இருமுறையும் திரும்பி வந்தார். காந்திகிராமப் பணியில் தோள் கொடுத்தார். எந்த நோக்கத்தோடு அனுப்பப்பட்டாரோ அதைவிட அகன்ற ஒன்றை இம்மக்களிடம் அவர் கற்றார்.

"போப்புக்குப் பல்கலைக்கழகம் இருந்தது, ஈராண்டு தங்கிய இளைஞர் என்ன செய்வார்?" என்பது அடுத்த வினா. பெருநூல் எழுத வேண்டியதில்லை. கற்ற தமிழை விடாமல் வைத்திருந்து, ஆண்டுக்கொரு மடல் தமிழில் எழுதினாலே போதும். பிழை இருந்தால் திருத்தி விடை எழுத இங்கே ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருக்க வேண்டும்.

உ. வே. சாமிநாதையர், போப்பிடமிருந்தும் பாரிசிலிருந்த ஜூலியன் வின்சோனிடமிருந்தும் வந்த கடிதங்களைப் போற்றி வைத்தார். அதனால்தான் அவை பிற்காலத்தில் பதிப்பாக முடிந்தது. நம் கல்லூரிகளுக்கும் ஊர்களுக்கும் வந்த கடிதங்கள் எங்கே? எத்தனை வீட்டுப் பரண்களில், தகரப் பெட்டிகளில், வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறைகள் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன! தபால்தலையைக் கிழித்தெடுத்துவிட்டுக் கடிதத்தை எறிந்த வீடுகளும் உண்டு.

எனவே மூன்று செயல்களை முன்வைக்கிறோம். நம் பகுதித் தமிழ்த்துறைகள் இத்தகைய கடிதங்களை, உரியவர் இசைவோடு, படியெடுத்துக் காக்கட்டும். நம் ஊரைப் பற்றி அயலில் எழுதப்பட்டவற்றின் படியை நாம் உரிமையோடு கேட்போம். தவறு இருப்பின் சுட்டுவோம். மாணவர்க்குக் கடிதம் எழுதும் பயிற்சியைத் தேர்வுக்கான ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் நிறுத்தாமல், கடல் கடந்த ஒருவருக்கு உண்மையிலேயே எழுதவைப்போம்.

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் கண்டு பழகாமலேயே நண்பராயினர் என்று நாம் வகுப்பறையில் பெருமையோடு கற்பிக்கிறோம். பிசிராந்தையார் நம் பாண்டி நாட்டவர். சோழன் தம்மை எதிர்பார்த்தபோது அவர் சென்று சேர்ந்தார் என்பதே அந்நட்பின் பெருமை. நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் புறநானூறு அவரை அவ்வாறு அறிந்திராது.